கடித்த பழத்தின் கட்சி

நடுவர் ஐயாவுக்கும் அவைக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, நேராக வந்துவிடுகிறேன்.

போர்டு கேமும், போர்களை வரைபடத்தில் ஆடிப் பார்க்கும் வார்கேமும் சேர்ப்பவருக்குப் பெருமை பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பதிலா, மேசையில் ஆடுவதிலா? மேசையில்தான் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் முத்தாய்ப்பாக ஒன்று சொன்னார்: “பிரித்த பெட்டி கடித்த பழம் மாதிரி. அடுத்தவன் தொடமாட்டான்.” அவை அதிரக் கைதட்டினீர்கள். அந்தப் பழத்தை நான் விடுவதாக இல்லை.

ஐயா, எனக்குப் பெரியப்பா மகன் ஒருவர், அண்ணன். அவரிடம் ஒரு பழைய வார்கேம் பெட்டி. இரண்டாம் உலகப் போர், கிழக்கு முனை. ஒரு பக்கம் ஜெர்மனி, மறு பக்கம் சோவியத். வாங்கும்போது இருந்த பிளாஸ்டிக் உறை கிழியாமல் 14 வருடம் வைத்திருந்தார். வெயில் படக்கூடாது. மேலே இன்னொரு பெட்டி ஏறக்கூடாது. யாராவது கையில் எடுத்தால், “ஓரத்தைப் பிடிக்காதே, அடியில் தாங்கு” என்பார், கைக்குழந்தையைக் கொடுக்கிற மாதிரி.

ஒரு நாள் கேட்டேன், “அண்ணே, உள்ளே என்ன இருக்கு?” “ஒரு போரே இருக்குடா” என்றார். “பார்த்திருக்கீங்களா?” என்றேன். அவ்வளவுதான். ஐந்து நிமிடம் வாயே திறக்கவில்லை. அப்புறம் எழுந்து போய் பிளேடு எடுத்து வந்தார்.

உறை கிழிந்தது. மூடியைத் தூக்கியதும் பழைய அச்சு மை வாசனை. வரைபடத்தை விரித்தார்: அறுகோணக் கட்டங்கள், நீலத்தில் ஆறுகள், காடு, சதுப்பு. விதிப் புத்தகம் வந்தது. அடியில் இரண்டு கவுன்ட்டர் தாள்கள், படைகளைக் குறிக்கும் சின்ன அட்டைச் சதுரங்கள் அச்சிட்டவை. முதல் தாள் சாம்பல் நிறம், ஜெர்மன் படை. இரண்டாவது தாளை எடுத்தார். அதுவும் சாம்பல். திருப்பிப் பார்த்தார். மறுபடி முதல் தாளைப் பார்த்தார். விரலை வைத்து எண் எண்ணாக ஒப்பிட்டார். ஒரே தாள், இரண்டு பிரதி! சோவியத் படை பெட்டிக்குள் வரவே இல்லை.

கடைசி வரிசையில் கேட்டிருக்காது, மறுபடி சொல்கிறேன். 14 வருடம்! வெயில் படாமல், தூசி படாமல், அடியில் தாங்கித் தாங்கி! அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். “எதிரியே இல்லாத போரை 14 வருஷம் காவல் காத்திருக்கேன்டா” என்றார். வெளியிட்ட நிறுவனத்துக்கு எழுதலாம் என்றால் அந்த நிறுவனத்தையே எப்போதோ மூடிவிட்டார்கள். வாங்கிய வாரமே பிரித்திருந்தால் ஒரு கடிதத்தில் வந்திருக்குமே ஐயா, ஒரு முழுப் படை!

இப்போது பழத்துக்கு வருகிறேன். கடிக்காத பழம், கடிக்காத பழம் என்கிறீர்களே நண்பரே, கடித்துப் பார்க்காமல் உள்ளே வண்டு இருப்பது எப்படித் தெரியும்? பழம் என்று ஒன்று காய்த்ததே கடிப்பதற்குத்தானே? கடிக்காமல் வைத்த பழம் அழுகும். சரி, அட்டை அழுகாது என்பீர்கள். ஆனால் ஆடத் தெரிந்தவர்கள் போய்விடுவார்களே, அதற்கு எந்த உறை போடுவீர்கள்?

ஊர் என்ற சுமேரிய நகரத்தின் அரச கல்லறைகளில் 1920களில் தொல்லியலாளர் லியோனார்ட் வூலி விளையாட்டுப் பலகைகளைத் தோண்டி எடுத்தார். ஏறக்குறைய 4,500 வருடப் பழசு. சிப்பியும் நீலக்கல்லும் இழைத்தது. அதைவிடப் பத்திரமான சேகரிப்பு உலகத்தில் உண்டா? ஆனால் எப்படி ஆடினார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் வாயில்லாமல் இருந்தது. கி.மு. 177 வாக்கில் பாபிலோனில் எழுதிய ஒரு களிமண் ஏட்டை பிரிட்டிஷ் மியூசியத்தின் இர்விங் ஃபிங்கல் படித்து விதிகளைச் சொன்ன பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. இன்றைக்கு அதை ஆடுகிறார்கள் ஐயா!

அதே மியூசியத்தில் அசீரிய அரண்மனை வாசலில் நின்ற சிறகுள்ள காளைச் சிலை இருக்கிறது. அதன் பீடத்தில் அதே விளையாட்டின் கட்டங்களைக் கீறி வைத்திருக்கிறார்கள், காவலுக்கு நின்றவர்களாக இருக்கலாம். அரசன் சிலையைப் பாழாக்கினார்கள் என்று எதிரணி வருத்தப்படும். அவர்கள் எங்கள் அணி!

சிலவற்றை ஆடவே முடியாது என்றும் நண்பர் சொன்னார். 1970களின் கடைசியில் எஸ்பிஐ (SPI) என்ற அமெரிக்க வார்கேம் நிறுவனம் வெளியிட்ட ‘தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா’வைக் காட்டினார். ஆடி முடிக்க 1,500 மணி நேரம் ஆகுமாம். உண்மைதான், வாரம் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் கிட்டத்தட்ட பத்து வருடம். பத்து வருடம் வாரந்தோறும் ஒரே மேசைக்கு வருகிற நண்பர்கள் கிடைத்தால் அதைவிட என்ன வேண்டும்? பாஸ்தா வேகவைக்க இத்தாலியப் படைக்குக் கூடுதல் தண்ணீர் வேண்டும் என்று அதில் ஒரு விதி உண்டு. பெட்டியைத் திறந்து படித்தவன்தானே அதைச் சொல்லிச் சிரித்தான்?

ஒரு ஆட்டத்திலேயே அட்டையைக் கிழிக்கச் சொல்லும் லெகசி விளையாட்டுகளில் எனக்கும் கை நடுங்கும், ஒத்துக்கொள்கிறேன். மேலே போகிறேன்.

அண்ணன் அந்தப் பெட்டியை மூடவில்லை. விதிப் புத்தகத்தில் எந்தப் படைக்கு என்ன பலம், எத்தனை கட்டம் நகரும் என்ற பட்டியல் இருந்தது. தடித்த அட்டை வாங்கி அரை அங்குலச் சதுரமாக வெட்டினார். காலாட்படைக்குப் பெட்டிக்குள் பெருக்கல் குறி, டாங்கிக்கு நீள்வட்டம், கீழே எண்கள், எல்லாம் சிவப்பு மையில். மூன்று ராத்திரி. கையால் வெட்டியது கொஞ்சம் பெரிசு. மூன்றை அடுக்கினால் சாயும். அந்தச் சாய்ந்த படையோடு இருவரும் ஆடினோம். ஒவ்வொரு ஆட்டத்தையும் மூடியின் உள்பக்கம் பென்சிலில் எழுதினார்: தேதி, எத்தனை சுற்று, யார் ஜெயித்தது.

போன வருடம் அண்ணன் போய்விட்டார்.

அவர் மகள் போன் பண்ணினாள். “சித்தப்பா, இந்தப் பெட்டியை என்ன செய்யட்டும்?” போனேன். மூடியில் 31 வரி. 32-வது வரியில் தேதி மட்டும் இருந்தது, முடிவு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நாங்கள் பாதியில் நிறுத்திய ஆட்டம். கவுன்ட்டர்களைச் சின்னச் சின்ன ஜிப் கவரில் போட்டு, கவர் மேல் கட்ட எண்ணை எழுதி வைத்திருந்தார். சந்தைக்குப் போனால், நண்பர் சொன்ன மாதிரியே, ஒருவரும் தொடமாட்டார்கள். நாங்கள் இருவரும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் வைத்தோம்.

அவள் அப்பா பக்கம் உட்கார்ந்தாள். மை கலைந்த ஒரு கவுன்ட்டரைக் காட்டி, “இது நாலா, ஆறா?” என்றாள். “உங்க அப்பா ஆறு இப்படித்தான் எழுதுவார்மா” என்றேன். கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். அப்புறம் அதை ஆற்றைக் கடக்க வைத்தாள். ராத்திரி பத்து மணிக்கு என் இடது முனை உடைந்தது. பென்சிலை எடுத்து, அந்தத் தேதிக்குப் பக்கத்தில், “அப்பா ஜெயித்தார்” என்று எழுதினாள்.

பெட்டி அவள் வீட்டு மேசையில் திறந்தபடி இருக்கிறது ஐயா. வருகிற ஞாயிற்றுக்கிழமை 33-வது ஆட்டம். வணக்கம்.