பாலாற்றங்கரையும் இரும்பின் நானோ துகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

வகுப்பில் மாணவர்களுக்கு நான் காட்டும் சோதனை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். கண்ணாடிக் குவளையில் எலுமிச்சை நிறத்தில் நீர் இருக்கும். அந்த நிறத்துக்குக் காரணம் அதில் கரைந்துள்ள ஆறு இணைதிறன் குரோமியம், அதாவது ஆறு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் உள்ள குரோமியம். அதில் இரும்பின் மிக நுண்ணிய நானோ துகள்கள் கலந்த கரிய கரைசலைச் சிறிது ஊற்றிக் கலக்கினால், மஞ்சள் மெல்ல வெளுத்து, அடியில் பழுப்பு வண்டல் படியும். பக்கத்துக் குவளையில் அதே எடைக்குச் சாதாரண இரும்புத்தூளைப் போட்டால், பாடவேளை முடியும்போதும் மஞ்சள் அப்படியே நிற்கும்.

பாலாற்றங்கரையில் உள்ள ராணிப்பேட்டையில், மூடப்பட்ட ஓர் ஆலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு குவிந்து கிடப்பதையும், அதைச் சுற்றியுள்ள கிணறுகளின் நிலையையும் அறிந்தவர்களுக்கு இந்த நிறமாற்றம் வெறும் வகுப்பறைக் காட்சியாக இருக்க முடியாது. ஆறு இணைதிறன் குரோமியம் நீரில் எளிதில் கரைந்து நிலத்தடியில் நெடுந்தூரம் பரவும், புற்றுநோயையும் உண்டாக்கும். இரும்பு தன் எலக்ட்ரான்களைக் கொடுத்து அதை மூன்று இணைதிறனுக்கு இறக்கிவிட்டால், அது ஹைட்ராக்சைடாகத் திரண்டு மண்ணோடு தங்கிவிடும்.

இரண்டு குவளைகளிலும் இருப்பது ஒரே இரும்புதான். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 600 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் கிரவுண்டு வீட்டுமனை. வினை நடப்பது மேற்பரப்பில்தான் என்பதால் வேகமும் அதற்கேற்பக் கூடுகிறது.

ஆனால் பொடியாக்குவதோடு வேலை முடிவதில்லை. இத்துகள்கள் காந்த ஈர்ப்பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த நிலையில் காற்றுப் பட்டால் தீப்பற்றவும் கூடும். கேழ்வரகு மாவைக் கொதிக்கும் நீரில் நேரே கொட்டினால் கட்டி தட்டும் என்பதால் நம் வீடுகளில் முதலில் கரைத்து ஊற்றுகிறார்களே, அந்தப் பக்குவம் இங்கும் தேவைப்படுகிறது. செல்லுலோஸ் வழிப்பொருளால் துகளைப் போர்த்துவது, களிமண்ணிலோ கரியிலோ பதித்து வைப்பது என வழிகள் வந்துள்ளன. அண்மைக்கால முன்னேற்றங்களில் நான் மிகவும் மதிப்பது இரும்பின்மேல் மெல்லிய இரும்பு சல்பைடு படலத்தைப் படியவைக்கும் முறை. அது இரும்பு தண்ணீரோடு வினைபுரிந்து வீணாவதைக் குறைத்து, எலக்ட்ரான்களை மாசின் பக்கம் திருப்புகிறது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் டி. பிரதீப் குழுவினர், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானுக்குள் துருவை ஒத்த சேர்மமான இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடின் நுண்துகள்களை அடக்கி, குடிநீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்கும் பொருளை உருவாக்கினார்கள். அங்கும் வெற்றி தந்தது துகளைச் சிறிதாகவே வைத்திருக்கும் அமைப்புதான். இப்படி நுண்ணிய அளவில் அமைப்பைத் திட்டமிடுவதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு: உலோகத்தையும் கரிம மூலக்கூறுகளையும் கோத்து, துளைகள் நிறைந்த சட்டகங்களைக் கட்டும் துறைக்கு 2025இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. துளையின் அளவை முன்கூட்டியே தீர்மானித்துக் கட்டலாம் என்பது அதன் பெருஞ்சிறப்பு.

நம் மண்ணுக்கு வருவோம். குவளையில் குரோமியம் மட்டுமே இருந்தது. நிலத்தடி நீரில் நைட்ரேட்டும் கரைந்த ஆக்சிஜனும் இரும்பைப் பங்கு கேட்கும். நிலத்தடியில் செலுத்திய இரும்புத் துகள்கள் பெரும்பாலும் சில மீட்டருக்குமேல் நகர்வதில்லை. மண்ணில் மாங்கனீஸ் டை ஆக்சைடு இருந்தால், அடங்கிய குரோமியம் மெதுவாக மீண்டும் ஆறு இணைதிறனுக்கு ஏறவும் கூடும். ஆகவே இம்முறையை இங்கே கையாளுவதானால், முதல் சோதனையில் கிணற்று நீரின் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்புக்குள் வந்துவிட்டதைக் கண்டு நிறுத்திவிடாமல், அதே கிணறுகளில் பல மழைக்காலங்களுக்குத் தொடர்ந்து நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.