குரல் தாழ்த்திச் சொன்ன கதைகள்

அனைவருக்கும் வணக்கம்.

தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், என் பாட்டி மூன்று விதமாகக் கதை சொல்வார். மாரியம்மன் கதை என்றால் விளக்கேற்றி, சம்மணமிட்டு உட்காருவார். நரி, காக்கா கதையைப் படுத்தபடியே சொல்வார். நாங்கள் 'ம்' கொட்டுவது நின்றால் கதையும் நின்றுவிடும். முனியாண்டி கதைக்கு மட்டும் குரல் தாழ்ந்துவிடும்.

வில்லியம் பாஸ்கம் என்ற மானிடவியலாளர் 1965-இல் இதையேதான் எழுதினார். புனிதமென்று நம்புவது தொன்மம். நம் உலகத்தில் உண்மையாக நடந்தது என்று நம்புவது பழமரபுக்கதை. கற்பனை என்று தெரிந்தே சொல்வது நாட்டார் கதை. பாட்டிக்குப் பாஸ்கத்தைத் தெரியாது. ஆனால் உட்காரும் விதத்திலேயே வகை பிரித்துவிட்டார்.

தொல்காப்பியமும் 'பொருள் மரபில்லாப் பொய்ம்மொழி' என்று ஒன்றைத் தனியே சொல்கிறது. பொய் என்று தெரிந்தே ரசிப்பதற்கு அன்றைக்கே இலக்கணத்தில் இடம் இருந்திருக்கிறது!

சரி, இந்த மூன்றில் எது பிழைக்கும்? தொன்மத்துக்குக் கோயில் இருக்கிறது. இங்கே பினாங்கில் குயின் ஸ்திரீட் மாரியம்மன் 1833-இலிருந்து இருக்கிறாள். அவள் கதை போகாது. விலங்குக் கதையும் தப்பிக்கும். ஆண்டி ஆர்னே என்ற ஆய்வாளர் 1910-இல் தொடங்கிய நாட்டார் கதை வகை அட்டவணையில் அதற்கு எண்ணே உண்டு. முதலைகளை வரிசையில் நிற்கவைத்து, எண்ணுவதுபோல அவற்றின் முதுகில் தாவி ஆற்றைக் கடந்த சாங் கஞ்சிலை, அந்த மலாய்க் கதைச் சருகுமானை, நம் பிள்ளைகளுக்கும் தெரியும்.

நடுவில் இருக்கிறதே பழமரபுக்கதை, அதற்குத்தான் யாரும் இல்லை. நடுச்சாமத்தில் வெள்ளைக் குதிரையில் தோட்டத்து எல்லையைச் சுற்றிவந்த முனியாண்டி, எந்த மரத்தடியில் இறங்கினார், எந்தக் காவல்காரர் பார்த்தார் என்பதெல்லாம் அந்த ஒரு தோட்டத்துக்கு மட்டுமே சொந்தம். தோட்டத்தை விற்று மரத்தை வெட்டிய பிறகு, பாயான் லெப்பாஸ் அடுக்குமாடியில் அதே கதை பிள்ளைக்குச் சோறூட்டும் பூச்சாண்டிக் கதையாகிவிடுகிறது. சொல் மாறவில்லை. நம்பிக்கை போனதால் வகையே மாறிவிட்டது.

இன்னொன்று சொல்ல வேண்டும். 1942, 43-இல் சயாம்–பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர்கள் ஆள் பிடித்தார்கள். 415 கிலோமீட்டர். போய்த் திரும்பாத தன் அண்ணனைப் பற்றியும் பாட்டி அதே தாழ்ந்த குரலில்தான் சொல்வார். அது வரலாறு. ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஏடு கிடையாது, பாட்டியின் தொண்டை மட்டும்தான்.

கைப்பேசியில் கதை பதிவு செய்யும் தம்பி தங்கைகளே, கதையோடு நிறுத்தாதீர்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், அப்புறம் எந்த இடத்தில் குரல் தாழ்ந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள். உங்கள் வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.