மூக்கில் கொம்புள்ள ஓணான், நம் மலையில் மட்டும்

[காட்சி: பாசி படர்ந்த மரம். கேமரா மெல்ல நெருங்குகிறது.]

இந்த மரத்தை நன்றாகப் பாருங்கள். பாசிக்கு நடுவில் வெள்ளையாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது முள் இல்லை. ஓணானின் கொம்பு.

கொம்பு ஓணான் பேரினமே, அதாவது இதுவும் இதன் நெருங்கிய உறவு இனங்களும், இலங்கையைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதிலும் இந்த இனம் நுவரெலியா, ஹக்கல, ஹோர்டன் சமவெளி என்று நம் மத்திய மலைநாட்டு ஈரக் காடுகளுக்கே உரியது. ஆணுக்குக் கொம்பு நீளம். பெண்ணுக்குச் சின்னது, சிலவற்றுக்கு இருக்கவே இருக்காது.

தோட்டத் தொழிலாளர் லயத்து வேலியில் ஓடுகிற ஓணான் ஆளைக் கண்டதும் ஓடிவிடும். இது ஓடாது. கிட்டே போனாலும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். பாசியோடு பாசியாகத் தெரிகிற நிறம்தான் அதற்குக் காவல். காட்டுக்குள் அது போதும்.

சரி, காடு எங்கே மிஞ்சியிருக்கிறது?

[காட்சி: தேயிலை மலைகள், நடுவே சிறு காட்டுத் துண்டுகள்.]

வெள்ளைக்காரன் காலத்தில் முதலில் கோப்பிக்கு வெட்டினார்கள், அப்புறம் தேயிலைக்கு. இப்போது லீக்ஸ், கேரட், உருளைக்கிழங்கு. மிஞ்சிய காடு பல இடங்களில் தீவு தீவாகக் கிடக்கிறது. ஒரு துண்டில் இருக்கும் ஓணான் வெயிலில் கிடக்கிற மரக்கறித் தோட்டத்தைத் தாண்டி அடுத்த துண்டுக்குப் போவது லேசான காரியமா? அந்தத் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து இது தின்னும் பூச்சிகளையும் கொல்கிறது.

எனக்கு மிகவும் வலிப்பது காகம் செய்கிற வேலைதான். ஹோர்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்கிற செங்குத்தான மலை விளிம்பைப் பார்க்கப் போகிறவர்கள் சோற்றுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை அங்கேயே போட்டுவிடுகிறார்கள். அதற்குக் காகம் கூடுகிறது. மிச்சம் தீர்ந்தால் காகம் சும்மா இருக்குமா? மரத்தில் அசையாமல் இருக்கிற ஓணானைக் கொத்திக்கொண்டு போகிறது. பாம்புக்கும் பருந்துக்கும் இரையாவது காட்டு நியதி. ஆனால் இந்தக் காகக் கூட்டத்தை அழைத்து வந்தது நாம்.

வெளிநாட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காகக் கடத்துவதும் நடக்கிறது. அதனால்தான் 2019 இல் ஜெனீவாவில் நடந்த சைட்டீஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) மாநாட்டில், காட்டில் பிடித்த ஒன்றைக்கூட வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய முடியாதபடி பூச்சிய ஒதுக்கீடு வைத்தார்கள்.

[காட்சி: காட்டோரத்து ஒற்றையடிப் பாதை.]

காட்டோரத்தில் இருக்கிற நமக்குச் செய்ய நிறைய உண்டு. பெண் ஓணான் மண்ணில் சிறு குழி தோண்டி ஒரு சில முட்டைகள் இட்டு மூடும், ஆகவே காட்டோரச் சருகுக்குத் தீ வைக்காதீர்கள். படம் எடுங்கள், ஆனால் எந்தத் தோட்டம், எந்த மரம் என்று முகநூலில் போடாதீர்கள். தேடுகிறவனுக்கு அதுவே போதும். சாப்பாட்டு மிச்சத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள். யாராவது வந்து, “பிடிச்சுக் குடு தம்பி, காசு தாறேன்” என்று கேட்டால், பக்கத்து வனசீவராசிகள் அலுவலகத்துக்கு உடனே சொல்லுங்கள்.