சில்லறை தர மறுத்த ஊர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் பிரதமர்களில் மனதில் நிற்பவர் மார்கரெட் தாட்சரா, ஜான் மேஜரா? நான் மேஜர் பக்கம்.

எதிரணிச் சகோதரி ஒரு போடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். "பஸ் கண்டக்டர் வேலைக்கே லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர் நாட்டை எப்படி ஓட்டியிருப்பார்?" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. எழுதி வந்த குறிப்புகளை அப்போதே மடித்துவிட்டேன், நடுவர் அவர்களே. இதற்குப் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

ஆமாம், வேலை கேட்டார், கிடைக்கவில்லை. ஏன் கேட்டார்? அப்பா டாம் சர்க்கஸிலும் மேடையிலும் வித்தை காட்டியவர். அப்புறம் தோட்டத்தில் வைக்கிற பொம்மைகள் செய்து விற்றார். 1943-இல் ஜான் பிறக்கும்போதே அவருக்கு வயது 63. தொழில் நொடித்தது. குடும்பம் லண்டன் பிரிக்ஸ்டனில், கோல்ட்ஹார்பர் லேனில், மாடியில் இரண்டு வாடகை அறைகளுக்கு வந்தது. பையன் 16 வயதில் படிப்பை விட்டான். 1962-இல் அப்பா போய்விட்டார். அந்த வருடம் பல மாதம் வேலையே இல்லை.

கண்டக்டர் தேர்வில் கணக்கில் தோற்றார் என்பார்கள், உயரம் அதிகம் என்று கழித்தார்கள் என்றும் சொல்வார்கள். சரி, கணக்கு என்றே வைத்துக்கொள்வோம். ஒல்லியாக, நெட்டையாக ஒரு பையன் நிற்கிறான். "இவனிடம் டிக்கெட் பையை நம்பிக் கொடுக்க முடியாது, சில்லறை சரியாக வராது" என்கிறார்கள். சில்லறை தர மறுத்த அதே ஊர் 1989-இல் கஜானாவையே தூக்கிக் கொடுத்தது, நிதியமைச்சர்! 1990 மார்ச்சில் பட்ஜெட் வாசித்தார். தொலைக்காட்சியில் காட்டப்பட்ட முதல் பிரிட்டிஷ் பட்ஜெட் அதுதான். அன்று "கணக்கு வராது" என்று அனுப்பியவர் வீட்டிலும் டிவி இருந்திருக்குமே! நாட்டு வரவு செலவை அந்த நெட்டைப் பையன் படிப்பதைப் பார்த்து அவர் என்ன நினைத்திருப்பார்? அந்த நவம்பரில், 47 வயதில், பிரதமர்.

அவரை நிதியமைச்சர் ஆக்கியது யார், சகோதரி? உங்கள் தாட்சர்தான்! உங்கள் தலைவியே பாஸ் போட்ட ஆளுக்கு நீங்கள் ஃபெயில் போடலாமா?

1992 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பைக் காப்பாற்ற முடியாமல் போனது. மறுக்கவில்லை. ஆனால் அதே வருடம் ஏப்ரலில், ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று, கூச்சல் போட்ட கூட்டத்துக்கு நடுவே ஒலிபெருக்கியைப் பிடித்துப் பேசியவருக்கு 1 கோடியே 40 லட்சம் வாக்குகள் விழுந்தன. அங்கே அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, எந்தக் கட்சியும் அவ்வளவு வாங்கியதில்லை. தாட்சரும் வாங்கியதில்லை.

அந்தத் தேர்தலுக்கு எடுத்த பிரசாரப் படத்தில் ஒரு காட்சி, நடுவர் அவர்களே. கார் பிரிக்ஸ்டனுக்குள் போகிறது. பின்னால் பிரதமர் உட்கார்ந்திருக்கிறார். பழைய வீடு இன்னும் இருக்குமா என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார். கண்ணில் பட்டதும், "இருக்கிறது, இருக்கிறது" என்று சின்னப் பையன் மாதிரி சொல்கிறார். பட்ஜெட் படித்த குரல் இல்லை அது.

வீடு இருந்தது. அப்பா போய் 30 வருடம், அம்மா போய் 22 வருடம். மகன் எம்.பி. ஆனதே 1979-இல்தான். மேலே அந்த மாடி ஜன்னலிலிருந்து பார்க்க யாரும் இல்லை.

நன்றி.