உயிரோடு திரும்பியவனுக்கு என்ன?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'சித்திரவதையை ஒழிப்பதில் அரசு காட்டுவது அக்கறையா, வேஷமா?' என்பது தலைப்பு. வேஷம்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி, 'சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோமே, இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் கொடுக்கிறோமே' என்றார். கையெழுத்துப் போட்டது 1997 அக்டோபர் 14. அதோடு சரி, இன்னும் ஒப்புதல் கொடுக்கவில்லை; அதைக் கொடுத்தால்தான் ஒப்பந்தம் நம்மைக் கட்டுப்படுத்தும். ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் கேட்டால் மட்டும் 'உறுதியாக இருக்கிறோம்' என்கிறோம். 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா, மாநிலங்களவையில் கிடந்து 2014-இல் காலாவதியானது. 2017-இல் சட்ட ஆணையம் தன் 273-ஆவது அறிக்கையில் ஒன்று சொன்னது: காவலில் இருந்தவர் உடம்பில் காயம் இருந்தால் போலீஸ்தான் காரணம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளட்டும், தாங்கள் காரணமில்லை என்றால் அதைப் போலீஸ் நிரூபிக்கட்டும். 2024-இல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்களே, இந்த ஒன்றைச் சேர்க்க மனம் வந்ததா?

இது எவ்வளவு முக்கியம் என்று சாத்தான்குளத்தைக் கேளுங்கள். 2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி தந்தையை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள், தேடிப் போன மகனையும் பிடித்துவைத்தார்கள். அடித்த அடியில் ரத்தம் நிற்கவில்லை, லுங்கியை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். அவர்களைச் சிறைக்கு அனுப்பலாம் என்று மருத்துவச் சான்று! 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார், மறுநாள் விடிவதற்குள் தந்தையும். மூச்சுத்திணறல், உடல்நலக்குறைவு என்றது அரசின் அறிக்கை. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் பார்த்தால், ஸ்டேஷன் கேமராவின் பதிவுகள் அன்றன்றைக்குத் தானாக அழியும்படி வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் காவலர் துணிந்து சாட்சி சொன்னார். அவர் வாயை மூடியிருந்தால்?

ஆட்சி மாறியது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி போலீஸ் விசாரணையில் இறந்தார். உடம்பில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள். முதல்வர் தாயாரிடம் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தார், தம்பிக்கு வேலை கிடைத்தது. கொடுத்தது தப்பில்லை, கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால், அடிபட்டு உயிரோடு வீடு திரும்பியவனுக்கு என்ன? உள்ளங்காலில் லத்தியால் அடித்தால் வெளியே பெரிதாகத் தெரியாது, ஆனால் காலை ஊன்ற முடியாது. கொத்து வேலைக்குப் போகிறவன் எப்படிச் சாரம் ஏறுவான்? ராத்திரி பக்கத்து வீட்டுக் கதவை யாராவது தட்டினால் இவன் எழுந்து உட்கார்ந்துகொள்வான். ஐ.நா. ஒப்பந்தத்தின் 14-ஆவது பிரிவு இவனுக்கு இழப்பீடும் மறுவாழ்வும் தரச் சொல்கிறது. ஒப்புதல் கொடுத்தால் அந்தக் கடமை அரசின் தலையில் ஏறும்.

மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்பீர்கள். ஆணையம் பணம் கொடுக்கப் பரிந்துரைக்கும். இவன் காலுக்கும் மனசுக்கும் யார் வைத்தியம் பார்ப்பது? எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில், எந்த வார்டில் போய்ப் படுக்க வேண்டும்? சகோதரி தன் பதிலுரையில் அதை மட்டும் சொல்லட்டும். நான் எழுதிக்கொள்கிறேன், நடுவர் அவர்களே.