திருவல்லிக்கேணி பெரிய மசூதியை இன்றைய பாணியில் வரைவோம்

[காட்சி: காலை வெயிலில் மசூதியின் முகப்பு]

வணக்கம். 1795-இல் ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜா குடும்பத்தார் கட்டிய மசூதி இது. மரமும் இரும்பும் சேர்க்காமல் சாம்பல்நிறக் கருங்கல்லால் எழுப்பியது என்று பெயர்பெற்றது. இதைப் போட்டோ மாதிரி அச்சு அசலாக வரையப் போவதில்லை. வண்ணத்தில் எவ்வளவு சுதந்திரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வளைவின் கணக்கில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது பிசகினால், எத்தனை அழகாக வண்ணம் பூசினாலும் மசூதி தெரியாது.

மரபை எடுத்து நவீனமாக்குவது சென்னைக்குப் புதிதும் அல்ல. 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர், ஜாதகக் கட்டங்களையும் எழுத்துகளையுமே ஓவியமாக்கினார். அந்தத் துணிச்சல் நமக்கும் வேண்டும்.

[காட்சி: காகிதம், காம்பஸ், பென்சில் – மிக அருகில்]

சரி, கூர்வளைவு. 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு போடுங்கள். காம்பஸையும் அதே 10 செ.மீ. விரியுங்கள். இடது முனையில் ஊசியை ஊன்றி, வலது முனையிலிருந்து மேலே ஒரு வில். அப்புறம் வலது முனையில் ஊன்றி, இடது முனையிலிருந்து இன்னொரு வில். இரண்டும் சந்திக்கும் இடம்தான் உச்சி. ஊசி ஊன்றும் புள்ளிகளைக் கோட்டுக்குள்ளே நகர்த்தி, வில் எதிர்முனையிலிருந்தே தொடங்கும்படி காம்பஸ் விரிவையும் மாற்றினால் வளைவு தணியும். வெளியே தள்ளினால் ஒல்லியாக உயரும். நேரில் போய் ஒரு மணி நேரம் பாருங்கள். உங்கள் கண்ணில் பட்ட வளைவு கிடைக்கும்வரை நகர்த்தி நகர்த்திப் போடுங்கள்.

[காட்சி: கேன்வாஸில் டேப் ஒட்டும் கை]

வளைவைக் கேன்வாஸுக்கு மாற்றி, விளிம்பில் ஒல்லியான மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். டேப் ஓரத்தில் முதலில் அடிநிறத்தையே ஒரு பூச்சு பூசி உலரவிடுங்கள். கசிந்தால் அந்த நிறம்தான் கசியும், விளிம்பு கத்தி போல நிற்கும்.

கருங்கல்லுக்குக் கறுப்பு ட்யூபைத் தொடவே வேண்டாம். அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறத்தைக் கலந்தால் உயிருள்ள சாம்பல் வரும். நிழலில் நீலம் கூடட்டும். வெயில் பக்கம் சியன்னாவும் கொஞ்சம் வெள்ளையும். சொரசொரப்புக்குப் பேலட் கத்தியால் இழுங்கள். வானத்துக்கு நான் மஞ்சள் பூசுவேன், வளைவுக்குள் இருக்கும் இருட்டுக்கு ஆழ்ந்த பச்சை.

நம்ம ஊர் வெயிலில் அக்ரிலிக் வண்ணம் சட்டென்று காய்ந்துவிடும். பக்கத்தில் தண்ணீர் ஸ்ப்ரே இருக்கட்டும்.

[காட்சி: அகலத் தூரிகை, ஈர வண்ணம்]

கடைசியாக, ஒளு செய்யும், அதாவது தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் குளம். வளைவைத் தலைகீழாகப் பூசி, ஈரம் காய்வதற்குள் அகலத் தூரிகையால் கீழ்நோக்கி ஒரே இழுப்பு. இன்னொரு முறை இழுக்காதீர்கள், கூர்முனை கலைந்துவிடும்.