மனம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

(கேரளத்தின் பீர்மேடு தாலுகாவில், வண்டிப்பெரியாறு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து வாசகசாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, வாசகசாலை நண்பர்களே, தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அக்கா தங்கைகளே, வணக்கம்.

கடைசி ஜீப்பைப் பிடிக்க வேண்டியவர்கள் நடுவில் எழுந்து போனால் வருத்தப்பட மாட்டேன். அவர்களுக்காக முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனச்சோர்வில் கிடப்பவர், மனம் தெளிந்த பிறகு எழுந்து காரியம் பார்க்கலாம் என்று காத்திருக்கிறார். அந்த வரிசை தலைகீழானது. முதலில் ஒரு சின்னக் காரியம் நடக்க வேண்டும். மனம் அதன் பின்னால், மெதுவாக, பல நாள் கழித்துத்தான் வரும். நடந்த காரியம் நினைவிலிருந்து நழுவிவிடாமல் இருக்க ஒரு நோட்டு வேண்டும். என் பேச்சு இவ்வளவுதான்; மற்றதெல்லாம் விளக்கம்.

ஜூன் பிறந்துவிட்டால் பீர்மேட்டில் வெயிலைக் காண்பதே அபூர்வம். மழை, மூடுபனி, அட்டைக்கடி, காயாத துணி. ‘இந்த மழையில் யாருக்குத்தான் மனசு நன்றாக இருக்கும்?’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அது வெறும் சலிப்பாக இருந்தால், கம்பம் ஊருக்கு இறங்கி ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தால் போய்விடும். நான் பேச வந்தது வேறு. இரண்டு வாரமாக, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடக்கிறது. முன்பு பிடித்த எதிலும் பிடிப்பில்லை. உறக்கமும் பசியும் கெட்டுவிட்டன. ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்ற நினைப்பு விடாமல் துரத்துகிறது. இவை சேர்ந்து வந்தால் மருத்துவர்கள் அதை நோய் என்கிறார்கள். கல்யாண வீட்டில் உட்கார்ந்தாலும் அது போகாது. மந்திரித்துக் கயிறு கட்டினாலும் போகாது. தைராய்டு சுரப்புக் குறைந்தாலும் இரத்தசோகை இருந்தாலும் இதே அறிகுறிகள் சில தென்படலாம். அதனால் இரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்தால் ‘மனசுக்கு எதற்கு ஊசி?’ என்று திரும்பி வந்துவிடாதீர்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டை ஒட்டி இந்தத் தாலுகாவில் பல தோட்டங்கள் பூட்டப்பட்டன. அந்தச் சம்பளப் பாக்கிக்கும் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைப் பாக்கிக்கும் ஒழுகுகிற லயத்துக்கும், அதாவது நம் வரிசை வீட்டுக்கும், நோட்டுப் புத்தகம் மருந்தல்ல. ‘நல்லதையே நினையுங்கள், எல்லாம் சரியாகும்’ என்று மேடையில் பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பாக்கியைக் கேட்க யூனியனுக்குப் போக வேண்டும், தொழிலாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஆனால் அங்கே போவதற்கும் பாயை விட்டு எழ வேண்டுமே! நான் பேசுவது அந்த எழுந்திருத்தலைப் பற்றி.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் யாரோ ஒருவர் அல்லர். பலரைச் சேர்த்து நான் உண்டாக்கிய உருவம். மகன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் அவர் மட்டும். முதலில், தண்ணீர் பிடிக்க எல்லாரும் வரும் நேரத்தைத் தவிர்த்தார். பேச்சுக் கொடுக்க வேண்டாமே. பிறகு கோயில் பஜனைக்குப் போவது நின்றது. பிறகு சந்தை. பிறகு காலையில் மஸ்டருக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போவதே வாரத்தில் பாதி நாள் தவறியது. ஒவ்வொன்றை விடும்போதும் அன்றைக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் வலை. தண்ணீர்க் குழாயடியில் கிடைத்த நாலு வார்த்தை, பஜனை முடிந்து கிடைத்த சுண்டல், கொழுந்துக் கூடை நிறைந்ததைப் பார்த்த திருப்தி எல்லாம் அவற்றோடு சேர்ந்து போய்விட்டன. மனதுக்குத் தீனி குறைகிறது, சோர்வு கூடுகிறது, சோர்வு கூடியதால் இன்னும் ஒன்றை விடுகிறார். அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின்சான் 1970களில் இந்தச் சுழலைத்தான் விளக்கினார். சுழலை எங்கே உடைப்பது? மனதை நேரே பிடித்துத் திருப்ப முடியாது. குழாயடிக்குப் போவதை மட்டும் திரும்பத் தொடங்கலாம்.

இது வெள்ளைக்காரர் ஊருக்கு மட்டும் பொருந்தும் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். கோவாவில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநல மருத்துவம் படிக்காத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து இதைச் செய்து பார்த்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்து பேசி, அன்றாடக் காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கவைத்தார்கள். மூன்று மாதத்தில் அவர்களில் நூற்றுக்கு 64 பேருக்குச் சோர்வு பெருமளவு தணிந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத் தணிந்தது. 2017இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இது வெளிவந்தது. எல்லாருக்கும் குணமாகவில்லை என்பதையும் அதே கணக்குத்தான் சொல்கிறது.

சரி, நோட்டில் என்ன எழுதுவது? இங்கேதான் பலர் வழிதவறுகிறார்கள். டைரி என்றதும் துக்கத்தைக் கொட்டும் இடம் என்று நினைக்கிறோம். தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலை நினைத்துப் பாருங்கள். நீங்கள் அழுதுகொண்டு கொழுந்து எடுத்தீர்களா, பாடிக்கொண்டு எடுத்தீர்களா என்று அதில் எழுதுவதில்லை. ஆள் வந்தாரா, எத்தனை கிலோ, அவ்வளவுதான். உங்கள் நோட்டும் முதலில் அப்படி இருக்கட்டும்: ‘ஏழு மணிக்குக் குளித்தேன். குழாயடிக்குப் போனேன். மதியம் படுத்துவிட்டேன்.’ பக்கத்தில் ஓர் எண், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள். அந்த நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்பதற்கு. எல்லாமே இரண்டு, மூன்று என்றுதான் வரும். இருக்கட்டும். ஒரு வாரம் கழித்துத் திருப்பினால் எங்கோ ஒரு நாலு தெரியும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தலை பின்னிவிட்ட நேரமாக இருக்கலாம். நாள் முழுவதும் இருட்டு என்று மனம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. உங்கள் கையெழுத்தோ இல்லை என்கிறது. அடுத்த வாரம் அந்தத் தலை பின்னலை இரண்டு நாளாக்குங்கள்.

லயத்தில் ஒரே அறையும் ஒரு சமையல்கட்டும். நோட்டை ஒளித்துவைக்க இடமேது என்று கேட்பீர்கள். தினம் கிழிக்கும் நாள்காட்டித் தாளின் பின்பக்கம் போதும். ஒரு நாளுக்கு ஏற்ற அளவு. அதற்கு மேல் எழுதவும் முடியாது. எழுத வராதவர்கள் கோடு போடலாம், புள்ளி வைக்கலாம்.

இலக்கு என்பதைப் பற்றி ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. நீங்கள் நினைப்பதில் பாதியை எடுங்கள், அதிலும் பாதியாக்குங்கள். வீட்டைச் சுத்தம் செய்வது இலக்கல்ல. ஒரு தட்டைக் கழுவுவது இலக்கு. ‘முடிந்தால் நடப்பேன்’ வேண்டாம். ‘மழை விட்டதும் ரோடு வரை’ என்று நேரத்தையோ இடத்தையோ கட்டிவையுங்கள். இன்றைக்குத் தவறிவிட்டதா? நேற்றைய பாக்கியை இன்றைய கணக்கில் ஏற்றாதீர்கள். பாக்கி ஏறினால் என்ன ஆகும் என்று இந்தத் தாலுகாவுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

துக்கத்தையும் எழுதலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், தினம் பதினைந்து நிமிடம் தங்கள் ஆறாத காயத்தை எழுதினார்கள். எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே மருத்துவரிடம் போனார்கள். அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் அல்லர் என்பதையும் கவனியுங்கள். சோர்வுற்ற மனம் ஒரே புண்ணைச் சொறிந்துகொண்டே இருக்கும். மூன்றாவது நாளும் அதே வாக்கியத்தை எழுதுகிறீர்கள் என்றால், பேனாவை வைத்துவிட்டு எழுந்து அடுப்பில் சுடுதண்ணீர் வையுங்கள்.

மாத்திரை எழுதிக்கொடுத்தால் சாப்பிடுங்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமோ, சிலருக்கு அதற்கு மேலோ ஆகும். பத்து நாளில் நிறுத்திவிடக் கூடாது. கேரளத்துக் குடும்ப ஆரோக்கிய மையங்களில் ‘ஆஸ்வாசம்’ என்ற மனச்சோர்வுச் சிகிச்சைத் திட்டம் இருக்கிறது. ஓ.பி. வரிசையில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடம். அவரோ மலையாளத்தில் கேட்பார், நமக்கோ தொண்டை அடைக்கும். அப்போது அந்தத் தாள்களை நீட்டுங்கள். எத்தனை மணிக்கு விழித்தீர்கள், எத்தனை வேளை சாப்பிடவில்லை என்பது அதில் இருக்கும்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் நோட்டும் வேண்டாம், இலக்கும் வேண்டாம். அந்த நிமிடமே ஒருவரைக் கூப்பிடுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கேரள அரசின் திஷா உதவி எண் 1056. தற்கொலைக்கு முயன்றவரைப் போலீஸ் பிடிக்கும் என்ற பயத்தில் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே முதலில் கொள்ளச் சொல்கிறது. ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள், அந்தப் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவர் எழுதுவதை எடுத்துப் படிக்காதீர்கள். ‘இன்றைக்கு ஒரு தட்டுத்தானா கழுவினாய்?’ என்று கேட்காதீர்கள். கூட நின்று இன்னொரு தட்டைக் கழுவலாம்.

பின்வரிசையில் நம் ஊர்ச் சுகாதார உதவியாளரான ஆஷா பணியாளர் உட்கார்ந்திருக்கிறார். எந்தக் கிழமை மருத்துவரைப் பார்க்கலாம் என்று அவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் கேட்க வேண்டியதை இப்போது கேட்கலாம்; எழுந்து கேட்கக் கூச்சமாக இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பெயர் வேண்டாம்.